பழுதானால் மட்டும் அழைக்கப்படும் பொறியாளர்: மருத்துவக் கருவி மேலாண்மைத் தொழிலை எங்கிருந்து வலுப்படுத்துவது?

கேள்வி | எழுதியவர்: வைப்பாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் மூன்று ஆண்டுகளாக ஒப்பந்த அடிப்படையில் உயிர்மருத்துவப் பொறியாளராகப் பணியாற்றி வருகிறேன். நீண்ட நாளாக மனத்தில் இருக்கும் ஒரு கேள்வியை இங்குள்ள மூத்தவர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இரண்டு வென்டிலேட்டர்கள் வந்திறங்கின. அவை இயங்குவதற்கு ஆக்சிஜனோடு, அழுத்தமூட்டிய மருத்துவக் காற்றும் சுமார் 4 பார் அழுத்தத்தில் குழாய் வழியாக வந்தாக வேண்டும். எங்கள் கட்டடத்தில் இருப்பதோ ஆக்சிஜன் குழாய் மட்டும்தான். கம்ப்ரஸர் வாங்கிக் குழாய் பதித்து முடிக்கும்வரை எட்டு மாதங்கள் அவ்விரண்டும் உறை பிரிக்கப்படாமலே கிடந்தன. உத்தரவாதக் காலத்திலும் எட்டு மாதம் கழிந்து போயிற்று. வாங்குவதற்கு முன்னால் "இங்கே காற்றுக் குழாய் இருக்கிறதா?" என்று என்னை யாராவது ஒரு வரி கேட்டிருந்தால், அறைக் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் டர்பைன் உள்ளேயே அமைந்த வகையை வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன். கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. ஏனெனில் எங்கள் மருத்துவமனையில் பொறியாளர் என்பவர் கருவி நின்றுபோன பிறகு வரவழைக்கப்படுபவர்.

என்னுடன் படித்த நாற்பது பேரில் மருத்துவமனையில் இருப்பவர்கள் மூவர் மட்டுமே; மற்றவர்கள் மென்பொருள் நிறுவனங்களுக்கும் மெடிக்கல் கோடிங் வேலைக்கும் போய்விட்டார்கள். இத்தொழிலில் இருப்பவர்களைப் பதிவுசெய்யும் குழுமம், நிரந்தரப் பணியிடம், மருத்துவமனைப் பயிற்சியைக் கட்டாயமாக்கும் பாடத்திட்டம் என்று பலவும் தேவை என்பது தெரிகிறது. ஆனால் இவற்றுள் எதுவும் என் கையில் இல்லை. நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் இத்தொழில் வலுப்பெற வேண்டுமானால் எங்கிருந்து தொடங்க வேண்டும்? என் போன்ற ஒருவர் தம் மருத்துவமனைக்குள் இருந்தபடியே செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

மறுமொழி 1 | எழுதியவர்: ஓய்வுபெற்ற பொறியாளர்

தம்பி, முப்பத்தோரு ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. எண்ணிக் காட்டுங்கள். நம்மிடம் எத்தனை கருவிகள் இருக்கின்றன, அவற்றுள் எத்தனை நிற்கின்றன, ஏன் நிற்கின்றன, எத்தனை நாளாக நிற்கின்றன என்பதை எழுத்தில் காட்ட முடியாத தொழிலுக்கு எவரும் நாற்காலி போட மாட்டார்கள்.

இந்தியாவில் நடந்ததையே பாருங்கள். தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் 2015இல் மருத்துவக் கருவிகளின் மேலாண்மைக்கும் பராமரிப்புக்கும் தனித் திட்டம் தொடங்கப்பட்டதன் பின்னணியில் ஒரு கணக்கெடுப்பு இருந்தது. 29 மாநிலங்களில், 29,115 சுகாதார நிலையங்களில், சுமார் 4,564 கோடி ரூபாய் மதிப்புள்ள 7,56,750 கருவிகள் பட்டியலிடப்பட்டன. மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை இயங்காமல் கிடந்தன. அரசு மருத்துவமனைகளில் கருவிகள் வீணாகக் கிடக்கின்றன என்று நாங்கள் இருபது ஆண்டுகளாக வாயால் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். நிதி ஒதுக்கீட்டுக் கோப்புக்குள் அந்தச் சொல் நுழைந்தது இலக்கங்களாக மாறிய பிறகுதான்.

அத்திட்டம் மாவட்ட மருத்துவமனைக்கு 95, சமுதாய நல மையத்துக்கு 90, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 80 சதவீதம் என்று கருவிகள் இயங்கும் நேரத்துக்கு வரம்பு விதித்தது. நல்ல தொடக்கம்தான், ஆனாலும் இந்தச் சதவீதத்தை நாட்கணக்காக மாற்றிப் பார்க்கப் பழகுங்கள். 80 சதவீதம் என்றால் ஒரு கருவி ஆண்டில் 73 நாட்கள் நின்றாலும் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று பொருள். பிறந்த குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் ரேடியன்ட் வார்மர் ஒன்றே ஒன்று உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த 73 நாட்களில் பிறக்கும் குழந்தைக்கு என்ன வழி? எந்தக் கருவிக்கு மாற்று ஏற்பாடு கட்டாயம், எது சில நாள் நின்றாலும் பாதகமில்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர் அங்கிருக்கும் பொறியாளர்தான். அதைப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் சொல்லாது. ஃபென்னிகோ, ஸ்மித் என்ற இருவர் 1989இல் முன்வைத்த முறை இதற்கு இன்றும் உதவும்: கருவியின் பணிக்கு 10 வரை, அதனால் நேரக்கூடிய உடல் ஆபத்துக்கு 5 வரை, பராமரிப்புத் தேவைக்கு 5 வரை மதிப்பெண் கொடுத்துக் கூட்டினால், 12ம் அதற்கு மேலும் வருபவை முறையான பராமரிப்பு அட்டவணைக்குள் வந்துவிடும். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு வார மாலைப்பொழுதுகளும் போதும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மருத்துவமனையில் ஆறு மாதப் புகார்ச் சீட்டுகளை அடுக்கிப் பார்த்தபோது, மருந்தையும் திரவத்தையும் அளவாக நரம்பு வழியே செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்புகளைப் பற்றிய புகார்களில் பாதிக்கு மேல் பேட்டரி தொடர்பானவை என்று தெரிய வந்தது. நோயாளிக்குப் பொருத்தாத நேரத்தில் பம்புகளை மின் இணைப்பில்லாத அலமாரியில் வைத்துவிடுவார்கள்; எடுக்கும்போது சார்ஜ் இருக்காது. அலமாரிக்குள் பிளக் பாயிண்ட்களை வரிசையாக வைத்துக் கொடுத்தோம். அடுத்த ஆறு மாதத்தில் பேட்டரி வாங்கும் செலவு எவ்வளவு குறைந்தது என்பதை ஒற்றைத் தாளில் எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தேன். அதன் பிறகு கூடிய முதல் கொள்முதல் குழுக் கூட்டத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. அந்த அழைப்பு என் பட்டத்துக்காக வந்ததன்று.

மறுமொழி 2 | எழுதியவர்: செவிலியர், பச்சிளங்குழந்தைப் பிரிவு

தம்பியின் வருத்தம் நியாயமானது. ஐயா சொன்ன பதிவேட்டின் தேவையையும் மறுக்கவில்லை. இருந்தாலும் வார்டில் நிற்பவர்கள் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பொறியாளர் என்றால், அழைத்தால் வருபவர், கருவியைச் சோதித்துவிட்டு "பழுது ஏதும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுப் போகிறவர் என்ற அளவில்தான் பழக்கம்.

ரேடியன்ட் வார்மரில் குழந்தையின் தோலில் ஒட்டும் வெப்ப உணரி ஒன்று உண்டு. அது கழன்று விழுந்தால், குழந்தை குளிர்ந்துவிட்டது என்று கருவி எடுத்துக்கொண்டு மேலும் மேலும் சூடேற்றும். எங்கள் பிரிவில் ஒரு கருவி "அதிகமாகச் சுடுகிறது" என்று மூன்று முறை புகார் எழுதினோம். மூன்று முறையும் ஆள் வந்தார், சோதித்தார், சரியாக இருக்கிறது என்றார். கருவி உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது. எங்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த பிளாஸ்டர் ஈரத்தில் ஒட்டவில்லை, உணரி நழுவிக்கொண்டே இருந்தது. நான்காவது முறை வந்த இளம் பொறியாளர் ஒரு மணி நேரம் எங்களோடேயே நின்று, நாங்கள் குழந்தையை எப்படிப் படுக்க வைக்கிறோம், எப்படித் துடைக்கிறோம், எப்படி ஒட்டுகிறோம் என்று பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. ஒட்டும் பொருளை மாற்றினோம், புகார் நின்றது.

அந்தப் பிள்ளை பிறகு வாரம் ஒரு நாள் காலையில், நாங்கள் பணி மாறும் நேரத்தில், எங்கள் பிரிவுக்கு வருவதை வழக்கமாக்கிக்கொண்டார். பத்து நிமிடம்தான் இருப்பார். இதயத் துடிப்பைச் சீராக்க மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரை நாள்தோறும் எப்படிச் சோதிப்பது என்பதை என் பிரிவில் புதிதாகச் சேர்ந்த செவிலியர்கள் கற்றது அவரிடம்தான். அவருடைய ஒப்பந்தம் முடிந்து வேறு ஊருக்குப் போனபோது, அந்த இடத்துக்கு உடனே ஆள் வேண்டும் என்று மருத்துவக் கண்காணிப்பாளரிடம் கடிதம் கொடுத்தவர்கள் செவிலியர்களாகிய நாங்கள். உங்களுக்காக எழுதக்கூடியவர்கள் வார்டிலேயே இருக்கிறோம் தம்பி, எங்களிடம் வாருங்கள்.

மறுமொழி 3 | எழுதியவர்: கிகாலியிலிருந்து

வணக்கம். நான் கோவையில் படித்து, இப்போது ருவாண்டாவில் மருத்துவக் கருவித் தொழில்நுட்பர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பணியில் இருக்கிறேன். செவிலியர் அம்மா எழுதியதற்கு வலுவான சான்று ஒன்று உண்டு. டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் மால்கினும் உடன் ஆய்வாளர் ஒருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, 11 நாடுகளில் வசதி குறைந்த 60 மருத்துவமனைகளிலிருந்து வந்த 2,849 பழுது நீக்கக் கோரிக்கைகளை எடுத்துக்கொண்டது. இறக்குமதி உதிரி பாகம் எதுவும் இல்லாமலே 72 சதவீதக் கருவிகளை மீண்டும் இயக்க முடிந்தது. அந்தப் பழுதுகளில் நான்கில் ஒரு பங்கு, நிறுவுதலையும் பயன்படுத்துவோர் பயிற்சியையும் சார்ந்தது. குழாய், மின்சாரம், இயந்திரப் பகுதி, மின்வழங்கி ஆகியவை எஞ்சியவற்றில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. அடிப்படையான 107 திறன்கள் மட்டும் தெரிந்த ஒருவரால் நின்றுபோன கருவிகளில் 66 சதவீதத்தை இயக்க முடியும் என்று அந்த ஆய்வு காட்டியது.

இந்த முடிவைச் சிலர் "அப்படியானால் பொறியாளர் தேவையில்லை" என்று படிக்கிறார்கள். நான் நேர்மாறாகப் படிக்கிறேன். 107 திறன்களைக் கற்ற தொழில்நுட்பர் ஒவ்வொரு மருத்துவமனையிலும் இருந்தால்தான், பொறியாளர் கருவித் தேர்வு, தர நிர்ணயம், பாதுகாப்பு, செலவுத் திட்டம் ஆகியவற்றில் முழு நேரமும் ஈடுபட முடியும். நம் நாட்டில் பட்டம் பெற்ற பொறியாளரே உருகிப்போன ஃபியூஸை மாற்ற ஓடுகிறார். அந்த ஓட்டத்தில் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தைப் படிக்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. இரண்டு படிநிலைகளும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறிச் செல்லும் வழியும் வேண்டும். ருவாண்டா, கம்போடியா, ஹோண்டுராஸ் போன்ற நாடுகளில் தொழில்நுட்பர் பயிற்சிக்கு முன்னுரிமை கொடுக்கப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

ஓய்வுபெற்ற ஐயாவோடு ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். நல்ல பதிவேடு ஒரு மனிதருக்கு மதிப்பைத் தரும். அவர் போன பிறகும் அந்த மதிப்பு அந்த இடத்தில் தங்க வேண்டுமானால் விதி வேண்டும். உலக சுகாதாரப் பேரவை 2007ஆம் ஆண்டிலேயே, கருவிகளின் மதிப்பீட்டுக்கும் கொள்முதலுக்கும் மேலாண்மைக்கும் தேசிய அளவில் திட்டம் வகுக்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. பத்து ஆண்டுகள் கழித்து, 2017இல், உயிர்மருத்துவப் பொறியாளர்களின் பங்கைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் தனி நூலே வெளியிட்டது. ஆயினும் பன்னாட்டுத் தொழில் வகைப்பாட்டில் நாம் இன்னும் 2149 என்ற எண்ணின் கீழ், வேறெங்கும் வகைப்படுத்தப்படாத பொறியாளர்கள் என்ற கூட்டத்துக்குள் இருக்கிறோம். சுகாதாரப் பணியாளர்களில் ஒருங்கிணைந்த பகுதியாக எங்களைக் கருத வேண்டும் என்பது ஒரு விளக்கக் குறிப்பாக மட்டுமே இடம்பெற்றிருக்கிறது. பணியிடங்களை உருவாக்கும் அதிகாரி அட்டவணையைப் பார்ப்பார்; குறிப்பைத் தேடிப் படிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஜப்பான் 1987லேயே மருத்துவப் பொறியியல் தொழில்நுட்பர்களுக்குத் தனிச் சட்டம் இயற்றியது. தேசியத் தேர்வில் தேறியவர்கள் மருத்துவரின் வழிகாட்டுதலில் டயாலிசிஸ், இதய-நுரையீரல் இயந்திரம் போன்ற உயிர்காப்புக் கருவிகளை இயக்கவும் பராமரிக்கவும் செய்கிறார்கள். அங்கே ஒருவர் மாறிப் போனாலும் அந்த இடம் காலியாகவே கிடப்பதில்லை.

மறுமொழி 4 | எழுதியவர்: யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர்

எல்லோருக்கும் வணக்கம். இலங்கையில் சுகாதார அமைச்சின் கீழ் கொழும்பில் உயிர்மருத்துவப் பொறியியல் சேவைகளுக்கென்று ஒரு பிரிவு நெடுங்காலமாக இயங்கி வருகிறது. உபகரணங்களின் தொழில்நுட்பத் தேவைகளை வரையறுப்பதிலும் பராமரிப்பிலும் அதற்குப் பங்கு உண்டு. பதவியும் அமைப்பும் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அது சான்று. அதே வேளை, தூரத்து வைத்தியசாலை ஒன்றில் உபகரணம் பழுதடையும்போது தலைநகரிலிருந்து ஆள் வரும்வரை காத்திருப்பது எப்படிப்பட்ட காத்திருப்பு என்பதும் எனக்குத் தெரியும். எனவே மையத்தில் அதிகாரமும் ஓரத்தில் ஆளும் இரண்டுமே வேண்டும் என்பது என் கருத்து.

வென்டிலேட்டர் கதையை வாசித்தபோது எனக்கு அன்பளிப்பு உபகரணங்கள்தான் நினைவுக்கு வந்தன. நான் பணியாற்றிய ஓர் இடத்தில், வெளிநாட்டிலிருந்து நல்ல மனத்தோடு அனுப்பப்பட்ட உபகரணங்கள் ஒரு களஞ்சிய அறை நிறையக் கிடந்தன. சில 110 வோல்ட்டுக்கு உரியவை. எங்கள் மின்சாரம் 230 வோல்ட். இரத்தப் பகுப்பாய்வு இயந்திரம் ஒன்று நன்றாகவே இயங்கியது, ஆனால் அதே நிறுவனத்தின் இரசாயனப் பொருளைத் தவிர வேறொன்றையும் ஏற்காது. அந்தப் பொருளுக்கோ உள்ளூரில் முகவர் இல்லை. அனுப்பியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். "எங்களுக்கு இன்னது வேண்டும், இன்ன தன்மையோடு வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம்" என்று எழுதி அனுப்பும் பொறுப்பு எங்கள் பக்கத்தில் எவருக்கும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை.

கொள்வனவிலும் இதே கதைதான். நான் அனுபவத்தில் கண்ட மிகப் பெரிய இழப்பு, கேள்விப்பத்திரத்தில் (ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில்) இரண்டு வரிகள் இல்லாததால் நேர்ந்தது. சேவைக் கையேடு தரப்பட வேண்டும் என்ற வரியும், சேவைப் பகுதிக்குள் நுழையும் கடவுச்சொல் தரப்பட வேண்டும் என்ற வரியுமே அவை. இவ்விரண்டும் இல்லாவிட்டால், எவ்வளவு படித்த பொறியியலாளராக இருந்தாலும் உபகரணத்தின் முன் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். அவற்றோடு, ஒவ்வோர் ஆண்டும் பராமரிப்புக்கு எவ்வளவு செலவாகும் என்பதும் (கொள்விலையில் ஐந்து ஆறு சதவீதம் என்று கணக்கிடுவது பொதுவான வழக்கம்), நுகர்பொருள்களின் விலை எத்தனை ஆண்டுகளுக்கு மாறாது என்பதும், பாவனையாளர் பயிற்சி நிறுவும்போது ஒரு தடவையும் ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவையும் நடக்கும் என்பதும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். தாதியர் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் அந்த இரண்டாவது பயிற்சி எங்களுக்கு மிகவும் உதவியது. ஏற்புச் சோதனை முடிந்து பொறியியலாளர் ஒப்பமிடாமல் கடைசித் தவணைப் பணம் போகக்கூடாது என்ற நிபந்தனையை ஒரு கொள்வனவில் சேர்த்தோம். அதற்குப் பிறகு விநியோகஸ்தர் எங்களை நடத்திய விதமே மாறிவிட்டது.

மறுமொழி 5 | எழுதியவர்: வைப்பாற்றங்கரை

எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. செவிலியர் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு, பணி மாறும் நேரத்தில் இன்று காலை பிரசவப் பிரிவுக்குப் போனேன். எதற்காக வந்திருக்கிறேன் என்று அவர்கள் முதலில் கேட்டதிலிருந்தே, இதுவரை அழைக்காமல் ஒரு நாளும் போனதில்லை என்பது எனக்கு உறைத்தது.

ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். கோவிட் இரண்டாம் அலைக்குப் பிறகு நாடு முழுவதும் பல மருத்துவமனைகளில் நிறுவப்பட்டதைப் போன்ற ஆக்சிஜன் உற்பத்தி நிலையம் ஒன்று எங்களிடமும் உண்டு. பணியில் சேர்ந்த நாள் முதல் அதன் தூய்மை அளவை நாள்தோறும் குறித்து வருகிறேன்; என்னிடம் உள்ள ஒரே முழுமையான பதிவு அதுதான். கடந்த மழைக்காலத்தில் தூய்மை 94 சதவீதத்திலிருந்து படிப்படியாக இறங்கி 91ஐத் தொட்டிருக்கிறது. ஏற்கத்தக்க கீழ் வரம்பு 90. காற்றை உலர்த்தும் பகுதி சரியாக வேலை செய்யாமல் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துவைத்து ஆக்சிஜனைப் பிரிக்கும் ஜியோலைட் படுகைக்குள் ஈரம் போகிறது என்று நினைக்கிறேன். உலர்த்தியைச் சரிசெய்யவும் வடிகட்டிகளை மாற்றவும் இப்போதே பணம் கேட்டால், நிலையம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்பார்கள். படுகையே கெட்டுப்போன பிறகு கேட்டால் செலவு பல மடங்காகிவிடும். இதையே என் முதல் ஒற்றைத் தாளாகக் கண்காணிப்பாளரிடம் கொடுக்கலாமா? அதில் வேறு என்ன இருக்க வேண்டும்?

மறுமொழி 6 | எழுதியவர்: ஓய்வுபெற்ற பொறியாளர்

கட்டாயம் கொடுங்கள் தம்பி. மூன்று மாத அளவுகளை வரைபடமாக்கி, 90க்கு ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். மருந்துக் கிடங்கில் சென்ற ஆண்டின் சிலிண்டர் விலைப்பட்டியல்கள் இருக்கும். நிலையம் ஒரு மாதம் நின்றால் எத்தனை சிலிண்டர் வாங்க நேரும், அதற்கு எவ்வளவு ஆகும் என்று உலர்த்திச் செலவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். தூய்மை காட்டும் உணரி கடைசியாக எப்போது காலிபிரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்யப்பட்டது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு மேலாகியிருந்தால், வேறொரு அளவி கொண்டு ஒத்துப் பார்த்த பிறகே தாளைக் கொடுங்கள். இறங்கியிருப்பது ஆக்சிஜனா, அளவியா என்பதுதான் அந்த அறையில் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வியாக இருக்கும்.